பதினோராவது பெயர்

2023 ஜூன் 7ஆம் தேதி லண்டன் ஓவல் மைதானத்தில் டாஸ் போட்டபோது பினாங்கில் மாலை ஐந்து மணி. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் கடைக்காரர்களுக்கு அது தே தாரிக் நேரம். டாஸை வென்ற ரோஹித் சர்மா முதலில் பந்துவீசப் போவதாகச் சொன்னார். வேகத்துக்கு நான்கு பேர், சுழலுக்கு ஜடேஜா ஒருவர் என்றார். ஆடுவதோ உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம். டெஸ்ட் பந்துவீச்சாளர் தரவரிசையில் அன்றைக்கு முதலிடத்தில் இருந்தவர் ரவிச்சந்திரன் அஸ்வின். பதினொருவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மேற்கு மாம்பலத்துப் பிள்ளையை உட்கார வைத்துவிட்டார்களே என்ற ஆற்றாமை கடல் கடந்து பினாங்கு ஸ்திரீட்டுக்கு வந்து சேர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பினாங்குத் தமிழருக்குக் கிரிக்கெட் ஒவ்வொரு ஊரிலிருந்து ஒவ்வொரு வேளையில் வரும். பிரிஸ்பேன் ஆட்டம் பசியாறும் நேரத்தில். சேப்பாக்கத்து டெஸ்ட் நண்பகல் பன்னிரண்டுக்கு. இங்கிலாந்து ஆட்டம் மாலையில். மேற்கிந்தியத் தீவுகள் என்றால் இரவு பத்துக்குத் தொடங்கி விடியும்வரை. வேளை எதுவானாலும் பேச்சு ஒன்றுதான்: இந்திய அணியில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை. பேசுகிறவர்கள் கையில் இருப்பது மலேசியக் கடவுச்சீட்டு. பலருக்குத் தாத்தா காலத்தோடு இந்தியத் தொடர்பு விட்டுப்போயிற்று. காற்பந்து பேசினால் 'நம்ம டீம்' என்பது மலேசியாதான். கோல்காவலர் ஆறுமுகத்தின் பெயரைச் சொன்னால் இன்றும் கண்கள் விரியும். பூப்பந்திலும் அப்படியே. கிரிக்கெட் என்று வந்தால் மட்டும் 'நம்ம டீம்' வங்கக் கடலைத் தாண்டிப் போய்விடுகிறது. மலேசியாவுக்கும் ஒரு தேசியக் கிரிக்கெட் அணி உண்டு என்பது அந்த மேசைகளில் நினைவுக்கே வராது.

அது பிறகு. முதலில் அஸ்வின் வழக்கு.

வாதிடுகிறவர்களுக்குச் சரக்கு நிறையவே இருந்தது. அந்த இறுதியாட்டத்துக்கு இந்தியாவைக் கொண்டுவந்து சேர்த்த இரண்டாண்டுச் சுற்றில் 13 டெஸ்டுகளில் 61 விக்கெட். இந்தியர்களில் அதிகம் அவருக்குத்தான். மொத்தக் கணக்கு 92 டெஸ்டில் 474. எதிரே நின்ற ஆஸ்திரேலிய அணியில் வார்னர், கவாஜா, ஹெட், கேரி என்று இடக்கை மட்டையாளர்கள் வரிசைகட்டி இருந்தார்கள். ஆஃப் ஸ்பின்னருக்கு இடக்கைக்காரர்கள் என்றால் என்ன என்பது தெருவில் ஆடும் பையனுக்கும் தெரியும். ஹெட் 163 எடுத்தார், ஸ்மித் 121, ஆஸ்திரேலியா 469. ஐந்தாம் நாள் இந்தியா 209 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அந்தப் பக்கத்து ஆஃப் ஸ்பின்னர் நேதன் லயன் ஆட்டத்தில் ஐந்து விக்கெட் எடுத்தார். சச்சின் டெண்டுல்கரே இந்த முடிவைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். அதற்குமேல் வேறென்ன சாட்சி வேண்டும்?

எதிர்வாதமும் வெறும் கையோடு வரவில்லை. டாஸ் போட்ட காலையில் ஓவலில் வானம் மூடியிருந்தது, ஆடுகளத்தில் புல் இருந்தது. இங்கிலாந்து மண்ணில் அதுவரை அஸ்வின் ஆடிய ஏழு டெஸ்டுகளில் அவருக்குக் கிடைத்தது 18 விக்கெட்தான். 2021 கோடையில் இங்கிலாந்துக்கு எதிராக அங்கே நடந்த நான்கு டெஸ்டுகளிலும் அவர் வெளியேதான் இருந்தார்; அப்போதும் இதே கூக்குரல். ஆனால் அந்த நான்கில் லார்ட்ஸில் 151 ரன்னிலும், இதே ஓவலில் 157 ரன்னிலும் இந்தியா வென்றது. வென்ற ஆட்டத்தில் யாரை எடுக்கவில்லை என்று எவரும் கேட்பதில்லை. தோற்றால்தான் பன்னிரண்டாவது ஆள் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறார்.

லிட்டில் இந்தியாவின் உணவுக்கடை மேசைகளில் இது எப்படி ஒலிக்கும் என்பதற்கு ஒரு துளி:

"நம்பர் ஒன் பௌலரண்ணே. உலகத்துலயே நம்பர் ஒன். அவர உக்கார வச்சிட்டு யாரத் தூக்குறானுங்க பாத்தீங்களா?"

"தம்பி, இங்லண்டுல மொத நாளு பந்து திரும்பாது. அங்க ஸ்விங்குதான்."

"மொத நாளு மட்டுமாண்ணே ஆடுறாங்க? அஞ்சு நாளு இருக்குல்ல?"

"அதுக்கு ஜடேஜா இருக்கான். பேட்டிங்கும் பண்ணுவான்."

"அஸ்வின் பண்ண மாட்டாரா? அஞ்சு செஞ்சுரி அடிச்சவருண்ணே. நம்ம ஆளுன்னா மட்டும் ஒரு கணக்கு, அவங்க ஆளுன்னா வேற கணக்கு."

கடைசி வரிக்கு வந்ததும் பெரியவர் பதில் சொல்லமாட்டார். கிளாசைக் கையில் எடுத்துக்கொள்வார். எல்லா வாக்குவாதமும் அந்த வரியை நோக்கித்தான் வந்திருக்கிறது. அங்கே வந்ததும் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும்.

ஒருவருக்கு அணியில் இடம் கிடைக்க வேண்டுமா என்று கேட்கும்போது ஒரே கேள்விக்குள் இரண்டு மூன்று கேள்விகள் சுருண்டு கிடக்கின்றன. ஆள் தேறினவரா என்பது ஒன்று. அஸ்வின் விஷயத்தில் அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தேர்வாளர்களுக்கும் இல்லை, இல்லாவிட்டால் லண்டனுக்கே அழைத்துப் போயிருக்கமாட்டார்கள். இன்றைக்கு, இந்த மண்ணில், இந்தப் பத்துப் பேரோடு சேர்த்துப் பார்த்தால் இவர் வேண்டுமா என்பது அடுத்தது. தலைவரின் தலைவலி எல்லாம் இதில்தான். தரவரிசை முதலாவதற்குப் பதில் சொல்லும், இரண்டாவதற்குச் சொல்லாது. சாதனைகளுக்குச் செய்யும் மரியாதையாக ஓர் இடத்தைத் தரத் தொடங்கினால் அணி ஓய்வூதியக்காரர் சங்கமாகிவிடும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் 2021இல் செய்தது நியாயம், 2023இல் செய்தது தப்பு என்றே சொல்லத் தோன்றுகிறது. 2021இல் ஒரு தொடரில் இரண்டு வெற்றி தந்த திட்டத்தைக் கலைக்காமல் விட்டார்கள். 2023இல் முதல் நாள் காலை வானத்தைப் பார்த்து ஐந்து நாள் ஆட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள்.

மூன்றாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. இவர் நம்மவரா?

அதற்கு முன் ஒரு சின்ன வேடிக்கை. ஓவலில் வேடிக்கை பார்க்க வைக்கப்பட்டவர், ஆட்டம் முடிந்த மூன்றாம் நாள் கோயம்புத்தூரில் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காகத் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் இறங்கினார். பின்பிடியில் அவுட் கொடுக்கப்பட்ட மட்டையாளர் மறுபரிசீலனை கேட்டார். மூன்றாம் நடுவர் அவுட் இல்லை என்றார். உடனே அஸ்வின் அந்த மறுபரிசீலனைக்கே மறுபரிசீலனை கேட்டார். தீர்ப்பு மாறவில்லை. கேட்கலாம் என்று விதியில் இடம் இருந்தது, கேட்டார், அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து டொமினிக்காவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 131 ரன்னுக்கு 12 விக்கெட். பினாங்கில் அது நள்ளிரவு தாண்டிய நேரம். தூக்கம் கெட்டவர்கள் மறுநாள் கடை திறந்தபோது ஏதோ தங்கள் வழக்கில் தாங்களே வென்றதுபோல் நடந்துகொண்டார்கள்.

அந்த வழக்கைக் குழப்பியவரும் ஒரு சென்னைப் பிள்ளைதான். 2024 நவம்பரில் பெர்த் டெஸ்டில் அஸ்வினை வெளியே வைத்து வாஷிங்டன் சுந்தரை எடுத்தார்கள். இந்தியா 295 ரன்னில் வென்றது. அடிலெய்டில் அஸ்வின் வந்தார், ஒரு விக்கெட், தோல்வி. பிரிஸ்பேனில் ஜடேஜா. ஆட்டம் மழையில் டிராவான டிசம்பர் 18ஆம் தேதி, மலேசியாவில் மதிய வேளையில், 106 டெஸ்டுகளில் 537 விக்கெட்டோடு ஓய்வு பெறுவதாக அஸ்வின் அறிவித்தார். 'தமிழன் என்பதால் ஒதுக்குகிறார்கள்' என்ற வாதம் எங்கே போய் நிற்பது? பெர்த்தில் ஒதுக்கப்பட்டவரும் தமிழர், அந்த இடத்தில் ஆடியவரும் தமிழர். சில நாள் மேசைகளில் அமைதி. பிறகு வாதம் வேறு பாதை கண்டுபிடித்துக்கொண்டது.

அது எந்தப் பாதை என்பது 2025 கோடையில் தெரிந்தது. இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட். அணியோடு போயிருந்த குல்தீப் யாதவ் ஒன்றில்கூட ஆடவில்லை. இடக்கை மணிக்கட்டால் பந்தைச் சுழற்றும் தேர்ந்த ஆள்; விக்கெட் எடுக்கவென்றே பிறந்தவர் போன்ற பந்துவீச்சு. அவருக்குப் பதில் மட்டையும் பிடிப்பார் என்று வாஷிங்டனை நான்கு டெஸ்டுகளில் ஆட வைத்தார்கள். முன்பு அஸ்வினுக்காக 'விக்கெட் எடுக்கிறவனை எடு, பேட்டிங் பிறகு' என்று மேசையைத் தட்டியவர்கள், இப்போது 'பேட்டிங் ஆழம் வேண்டாமா' என்று அதே மேசையைத் தட்டினார்கள். லார்ட்ஸில் வாஷிங்டன் நான்கு விக்கெட் எடுத்ததும், மான்செஸ்டரில் ஆட்டமிழக்காமல் 101 அடித்து ஜடேஜாவோடு தோல்வியைத் தடுத்ததும் அவர்களுக்குக் கைகொடுத்தன. குல்தீப்பின் ஊரான கான்பூரில் அவருக்காக இதே வாதம் தலைகீழாக நடந்திருக்கும். கொள்கைகள் ஆளுக்கேற்ப இடம் மாறுகின்றன. ஆளை முன்பே முடிவு செய்தாயிற்று.

இதைப் பினாங்குக்காரர்களின் பலவீனம் என்று எழுதிவிட முடியாது. தேர்வாளர்களே இப்படித்தான் இருந்திருக்கிறார்கள். சென்னையின் வெங்கட்ராகவன் 1974 டிசம்பரில் டெல்லி டெஸ்டில் பட்டோடிக்குக் காயம் என்பதால் இந்திய அணித் தலைவர். அடுத்த டெஸ்ட் கல்கத்தாவில். பட்டோடி திரும்பிவிட்டார், வெங்கட் பன்னிரண்டாவது ஆள். இரண்டு வாரத்தில் தலைவர் நாற்காலியிலிருந்து தண்ணீர் கொண்டுபோகும் வேலைக்கு. 1979இல் மறுபடி தலைவராக இங்கிலாந்து போய்விட்டுத் திரும்பும் விமானத்தில் தலைவர் பதவி கவாஸ்கருக்குப் போன செய்தியை விமானி அறிவித்ததாகக் கிரிக்கெட் உலகில் ஒரு கதை இன்றும் உலவுகிறது. வெங்கட்டா பிரசன்னாவா என்ற வழக்கை மெட்ராஸும் பெங்களூரும் பத்தாண்டுக்கு மேல் நடத்தின. இரு பக்கமும் எண்களை அடுக்கின. இரு பக்கமும் தீர்ப்பை முன்பே எழுதி வைத்திருந்தன.

இன்னும் பின்னால் போனால் மலாயாவே வந்துவிடுகிறது. 1932இல் இந்தியா தன் முதல் டெஸ்டை லார்ட்ஸில் ஆடியபோது அந்தப் பதினொருவரில் ஒருவர் கோலாலம்பூரில் பிறந்தவர்: லால் சிங். கூட்டு மலாய் மாநிலங்களின் அணிக்காக ஆடிப் பெயர் வாங்கியவர். பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் அணியும் அவர்களும் அந்நாளில் மோதிக்கொள்வார்கள். தீபகற்பத்துக் கிரிக்கெட்டில் அதுதான் பெரிய விழா. அங்கே ஆடிய ஒரு சீக்கிய இளைஞர் இந்தியாவுக்குப் போய்த் தேர்வு ஆட்டங்களில் இறங்கி, பட்டியலில் இடம் பிடித்துக் கப்பல் ஏறினார்.

அந்தப் பட்டியலின் மேற்பகுதியைப் பார்த்தால் சிரிப்பு வரும். அணித் தலைவர் போர்பந்தர் மகாராஜா. துணைத் தலைவர் லிம்டி இளவரசர். மகாராஜாவுக்கு ஆட்டம் வராது. அது அவருக்கே தெரியும். சுற்றுப்பயணம் முழுவதும் முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்த ரன்களைவிட அவரிடம் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் கார்கள் அதிகம் என்று அப்போதே கேலி பேசினார்கள். ஆனால் டெஸ்ட் வந்தபோது அவர் தாமாகவே ஒதுங்கிக்கொண்டார். இளவரசருக்குக் காயம். தலைமை சி.கே. நாயுடுவுக்குப் போயிற்று. இந்தியக் கிரிக்கெட்டில் தமக்குத் தகுதி இல்லை என்று தாமே முடிவு செய்து இடத்தை விட்டுக்கொடுத்த தலைவர்களைத் தேடினால் போர்பந்தருக்குப் பிறகு அதிகம் பேர் அகப்படமாட்டார்கள். நான்கு வருடம் கழித்து 1936இல் தலைவராகப் போன விசியநகரம் மகாராஜகுமாரர் மூன்று டெஸ்டிலும் ஆடி மொத்தம் 33 ரன் எடுத்தார். பணிவு மன்னர் குடும்பங்களுக்குப் பொதுக்குணம் என்று நினைத்துவிடாமல் இருக்க இந்தத் தகவல் உதவும்.

லார்ட்ஸில் அந்த முதல் காலை. முகமது நிசார் இரண்டு தொடக்க ஆட்டக்காரர்களின் குச்சிகளையும் பறக்கவிட்டார். அடுத்து ஃபிராங்க் வூலி. இங்கிலாந்தின் பெரிய தலை. லால் சிங் பந்தைத் தடுத்து எடுத்து எறிந்ததில் வூலி ரன் அவுட். இங்கிலாந்து 19 ரன்னுக்கு மூன்று விக்கெட். மட்டையில் லால் சிங் எடுத்தது 15, 29. இரண்டாவது இன்னிங்ஸில் அமர் சிங்கோடு எட்டாவது விக்கெட்டுக்கு 74 ரன் சேர்த்தார். ஆட்டத்தில் இந்தியா 158 ரன்னில் தோற்றது. லால் சிங்குக்கு அதுதான் முதல் டெஸ்ட், கடைசி டெஸ்டும். சில ஆண்டுகள் இந்தியாவில் ஆடிவிட்டு மலாயாவுக்கே திரும்பி, 1985இல் கோலாலம்பூரில் காலமானார். இவர் இந்திய அணிக்குத் தகுதியானவரா என்று அன்று யாராவது மறுத்திருந்தால் எந்த அளவுகோலை எடுத்திருப்பார்கள்? ரன் என்றால் குறைவு. ஃபீல்டிங் என்றால் அவர் அளவுக்கு வேறு ஆள் இல்லை. 'நம்மவரா' என்றால், அப்போது கோலாலம்பூரும் கல்கத்தாவும் ஒரே பேரரசின் கீழ் இருந்தன; கடவுச்சீட்டு காட்டிப் பதினொருவரைப் பிரிக்கும் காலம் பிறக்கவில்லை.

அந்தத் தளர்வான காலத்தின் கடைசி ஆளாக மகாதேவா சதாசிவத்தைச் சொல்லலாம். யாழ்ப்பாணத் தமிழ் வழி வந்த கொழும்புக்காரர். தமிழ் யூனியன் கழகத்தின் ஆட்டக்காரர். 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 அடித்தார். அதைப் பார்த்த மெட்ராஸ்காரர்கள் ஆயுள் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1948இல் பிராட்மனின் அணி இங்கிலாந்து போகும் வழியில் கொழும்பில் இறங்கி ஆடியபோது இலங்கைக்குத் தலைவர் இவர்தான். ஆடுகளம் 22 கெஜத்துக்குப் பதில் 20 கெஜமே இருந்தது என்று பிற்பாடு கண்டுபிடித்த அதே ஆட்டம். தலைமை அவருக்கா, டெரிக் டி சேரத்துக்கா என்பதில் கொழும்பே இரண்டுபட்டுக் கிடந்தது. இரவு வாழ்க்கை, குடி, நேரம் தவறுதல் எல்லாம் அவருக்கு எதிராக எடுத்துவைக்கப்பட்டன. மட்டையை எடுத்துக்கொண்டு அவர் இறங்கிவிட்டால் அத்தனையும் மறந்துபோகும்.

1951 அக்டோபரில் அவருடைய மனைவி கொலையுண்டார். சதாசிவம் கைதானார். கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடினார். எடின்பரோவின் தடயவியல் பேராசிரியர் சர் சிட்னி ஸ்மித் வரை சாட்சிக்கு வந்தார். 1953இல் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. நீதிமன்றம் விடுவித்தவரை ஊர் முழுதாக விடுவிக்கவில்லை. அவர் கடல் கடந்து இந்தப் பக்கம் வந்தார். முதலில் சிங்கப்பூர் அணிக்குத் தலைவர், பிறகு மலாயா அணிக்குத் தலைவர். மூன்று நாடுகளுக்குத் தலைமை தாங்கிய மனிதர் என்று கிரிக்கெட் வரலாற்றில் அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதுவதன் கதை இது. இலங்கையில் அவரைப் பற்றி விவாதித்தவர்கள் ஒழுக்கத்தைப் பேசினார்கள். மலாயாவில் அவருக்கு இடம் கொடுத்தவர்கள் ரன்னைப் பார்த்தார்கள். எந்த ஊர் சரி என்று தீர்ப்புச் சொல்வது சுலபமில்லை. ஆனால் ஆட்டத்தில் தேறியவரைக்கூடப் பிறந்த நாடு வேண்டாம் என்று நினைக்கலாம், வந்த நாடு வா என்று அழைக்கலாம் என்பது பினாங்குத் தமிழர் மேசையில் ஒருமுறையாவது வரவேண்டிய பேச்சு. வந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு பெயரும் வருவதில்லை. அருள் சுப்பையா. 1983இல் கோலாலம்பூரில் பிறந்த தமிழர், இடக்கைச் சுழற்பந்துக்காரர். இளம் வயதிலேயே மலேசியாவுக்காக ஆடியவர்; உடன்பிறந்த ரோகன் சுப்பையாவும் தேசிய அணிக்காரர். அருள் இங்கிலாந்தில் படித்து சாமர்செட் கவுண்டி அணியில் நிலைத்தார். 2011 ஜூலை 5ஆம் தேதி கார்டிஃபில் கிளமோர்கனுக்கு எதிரான இருபது ஓவர் ஆட்டத்தில் 3.4 ஓவர் வீசி ஐந்து ரன் கொடுத்து ஆறு விக்கெட் எடுத்தார். இருபது ஓவர் கிரிக்கெட்டில் அன்றைக்கு அதுதான் உலகின் தலைசிறந்த பந்துவீச்சு; அந்தச் சாதனை எட்டு ஆண்டு நின்றது. இங்கிலாந்து அவரை எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டுமா என்று பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு கிளாஸ் தே தாரிக்கூட ஆறியிருக்காது. இத்தனைக்கும் பெயர் தமிழ், பிறந்த மண் மலேசியா, ஆட்டம் உலகத் தரம்.

இன்றைய விதிகள் எளியவை. ஒரு நாட்டுக்கு ஆட அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அந்த நாட்டுக் குடியுரிமை இருக்க வேண்டும், அல்லது தொடர்ந்து மூன்று ஆண்டு அங்கே குடியிருந்திருக்க வேண்டும். 2018 வரை இது நான்காண்டு. வளைகுடா நாடுகளின் அணிகள் மூன்றாவது வழியில்தான் உருவாயின. மலேசிய அணியிலும் வேலைக்கு வந்து தங்கிய தெற்காசியர்கள் ஆடியிருக்கிறார்கள். சிலாங்கூரிலோ ஜொகூரிலோ பள்ளிக்கூடத் திடலிலிருந்து ஏறிவந்த பையனுக்கு இடமா, லாகூரில் ஆட்டம் பழகி மூன்று வருடம் இங்கே குடியிருந்த பொறியாளருக்கு இடமா என்பதே இங்குள்ள கிரிக்கெட் வட்டாரத்தின் உண்மையான சண்டை. இதில் 'நம்மவரா' என்ற கேள்வியை மறைத்துப் பேச வழியில்லை; விதிப்புத்தகமே அதைக் கேட்கிறது. பொறியாளரை எடுத்தால் நாளை ஆட்டத்தை வெல்லலாம். பையனை எடுக்காவிட்டால் பத்து வருடம் கழித்து ஆட ஆள் இருக்காது. 2008 இளையோர் உலகக்கோப்பைக்குப் பினாங்கு உட்பட மூன்று ஊர்களில் திடல் கொடுத்த நாடு இது; விராட் கோலி கோப்பை தூக்கிய கின்ராரா ஓவல் 2020இல் நில உரிமையாளரிடம் திரும்பிப் போய்விட்டது. திடலே இல்லாதபோது பையன் எங்கிருந்து வருவான் என்பது அந்தச் சண்டைக்குள் இருக்கும் இன்னொரு சண்டை.

காற்பந்தில் இதே கேள்வி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை மலேசியர்கள் 2025இல் பார்த்தார்கள். வெளிநாட்டில் பிறந்து, மலேசிய வம்சாவளி என்று சேர்க்கப்பட்ட ஏழு ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் போலி என்று ஃபிஃபா தீர்மானித்துத் தண்டித்தது. தாத்தா பாட்டி பிறந்த ஊர்தான் அவர்களின் தகுதிச் சான்று. அந்தத் தாள்களில் ஒரு தாத்தா ஜார்ஜ்டவுனில் பிறந்ததாக எழுதியிருந்தது. மூலப் பதிவிலோ அவர் பிறந்தது அர்ஜென்டினாவில். லெபோ குவீன் மாரியம்மன் கோயிலைச் சுற்றி ஐந்து தலைமுறையாகக் குடியிருக்கிறவர்கள் அந்தச் செய்தியை எப்படிப் படித்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை.

2023 அக்டோபர் முதல் வாரத்துக்கு வரலாம். அப்போது லிட்டில் இந்தியாவில் ஒரே பேச்சு: அக்சர் படேலுக்குக் காயம், கடைசி நேரத்தில் உலகக்கோப்பை அணியில் அஸ்வின், சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஆட வைப்பார்களா மாட்டார்களா? (ஆட வைத்தார்கள். பத்து ஓவர், 34 ரன், ஒரு விக்கெட். அதற்குப்பின் அந்தக் கோப்பை முழுக்க உட்கார வைத்தார்கள்.) இரண்டு மாதத்துக்கு முன்பு மலேசியாவின் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக எட்டு ரன் கொடுத்து ஏழு விக்கெட் எடுத்திருந்தார், ஏழும் போல்டு, ஆண்கள் பன்னாட்டு இருபது ஓவர் ஆட்டத்தில் ஏழு விக்கெட் எடுத்த முதல் ஆள். மலேசியப் பெண்கள் அணிக்கோ வினிஃப்ரெட் துரைசிங்கம் என்ற தமிழ்ப்பெண் தலைமை தாங்கியிருக்கிறார். இரண்டு பெயரையும் சொல்லிக் கேட்டால் மேசையில் பாதிப்பேர் விழிப்பார்கள்.

அந்த வாரம், அக்டோபர் 4ஆம் தேதி, ஹாங்சோ ஆசியப் போட்டியின் காலிறுதியில் மலேசியா வங்கதேசத்தோடு மோதியது. ஹாங்சோவுக்கும் பினாங்குக்கும் கடிகாரம் ஒன்றே. தூக்கம் கெடுக்க வேண்டியதில்லை. மூன்று ரன்னுக்கு மூன்று விக்கெட் இழந்து தடுமாறிய வங்கதேசம் எப்படியோ 116 எடுத்தது. மலேசியா விரட்டியது. வீரன்தீப் சிங் அரைச்சதம் தாண்டி நின்றார். கடைசி ஓவரில் ஐந்து ரன் போதும். அஃபிஃப் ஹுசைன் வீசிய முதல் மூன்று பந்திலும் வீரன்தீப்புக்கு ரன் இல்லை. நான்காவதில் தூக்கி அடித்துப் பிடிபட்டார். இரண்டு ரன்னில் தோல்வி. முதல் பந்திலேயே ஒற்றை ரன் எடுத்து முனை மாறியிருக்க வேண்டுமா? எதிர்முனையில் இருந்தவரை நம்பியிருக்கலாமா? அந்த நேரத்துக்கென்று அடித்து ஆடக்கூடிய இன்னொருவரை அணியில் வைத்திருக்க வேண்டாமா, அவர் இங்கே பிறந்தவரா வந்து தங்கியவரா? வாதத்துக்கு ஒன்றும் குறையில்லை. இந்திய அணியாக இருந்திருந்தால் தீபாவளி வரைக்கும் ஓடியிருக்கும்.